ஒப்பும் ஒப்புதலும்

சென்ற ஆடி மாதம், விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறவள். கையில் கோடு போட்ட முழுத்தாள் ஒன்று. "அக்கா, போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கணும். ஒரு தடவை பாத்துத் திருத்திக் குடுங்க" என்றாள்.

அனுப்புநர், பெறுநர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. 'பொருள்' என்ற இடத்தில்தான் தடுமாறியிருந்தாள். 'என் போட்டோவை மார்ஃபிங் செய்தது தொடர்பாக' என்று எழுதி, 'போட்டோவை' என்பதை அடித்திருந்தாள். அதன் மேல் 'வீடியோவை' என்று எழுதி, அதையும் அடித்திருந்தாள். மூன்றாவது சொல் அவளுக்கு அகப்படவில்லை.

"ஏம்மா ரெண்டையும் அடிச்சிட்டே?"

"அது என் போட்டோ இல்லக்கா. வீடியோவும் இல்ல. ஆனா அது நான்தான்."

செல்போனைக் காட்டினாள். பலர் ஒரே நேரத்தில் கூடிப் பேசி விளையாடும் முப்பரிமாண உலகம் ஒன்று. அதில் ஓர் அறை. நடுவே கார்ட்டூன் சாயலில் ஒரு பெண்ணுரு. இடது கன்னத்தில் இவளுடைய மச்சம். மூக்கில் இவளுடைய மூக்குத்தி. கல்லூரி விழாவுக்கு இவள் கட்டியிருந்த மஞ்சள் சேலையும் அதன் அரக்குக் கரையும் அப்படியே இருந்தன. தலைக்கு மேலே இவள் பெயர் மிதந்தது. யாரோ ஒருவன் இயக்க, அந்த உரு செய்தவற்றை இங்கே எழுத மாட்டேன். வேடிக்கை பார்த்துச் சுற்றி நின்ற உருக்களில் சில இவள் வகுப்பு மாணவர்களுடையவை. அவர்களில் ஒரு தோழி படம்பிடித்து அனுப்பித்தான் இவளுக்கே விஷயம் தெரிந்தது.

அதை நிஜப் படம் என்று யாரும் நம்பப்போவதில்லை. அது யார் என்பதில் தெரிந்தவர் எவருக்கும் சந்தேகமும் வரப்போவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் மனு நின்றுபோயிருந்தது. அடித்த இரண்டு சொற்களுக்குப் பதில் எந்தச் சொல்லை எழுதுவது? அன்றிரவு தொடங்கிய தேடலைத்தான் இங்கே எழுதுகிறேன். குற்றத்துக்குப் பெயர் வைக்கிற வேலை அகராதிக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. பெயர் சரியாக அமையாவிட்டால் மனு நிற்காது. மனு நிற்காவிட்டால் நீதி நகராது.

மார்ஃபிங்

அவள் கைக்கு முதலில் வந்த சொல்லிலிருந்தே தொடங்குவோம். கிரேக்கத்தில் 'மார்ஃபே' என்றால் வடிவம். அதிலிருந்து வந்தது 'மெட்டமார்ஃபசிஸ்' என்னும் உருமாற்றம். அந்த நீண்ட சொல்லின் நடுத்துண்டை வெட்டியெடுத்துத் திரைப்படத் தந்திரக்காட்சிக்காரர்கள் 'மார்ஃப்' என்று புழங்கினார்கள். 1988இல் வந்த 'வில்லோ' படத்தில் ஒரு விலங்கு இன்னொரு விலங்காக வழுக்கிக்கொண்டே மாறும். 1991இல் மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் வைட்' பாடல் காட்சியில் ஒருவர் முகம் இன்னொருவர் முகமாக உருகி மாறியதைத் தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தோம். அங்கே அந்தச் சொல்லுக்கு இருந்தது வியப்பு மட்டுமே.

நம் ஊருக்கு வந்ததும் சொல்லின் குணம் மாறியது. தமிழ்ச் செய்தித்தாளில் 'மார்ஃபிங்' என்றால் ஒரே பொருள்தான்: ஒரு பெண்ணின் தலையை வெட்டி வேறொரு உடலோடு ஒட்டி மிரட்டுவது. கலைக்கூடத்தில் பிறந்த சொல் நேரே காவல் நிலையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இந்தப் புழக்கம் இந்தியச் சட்டத்துக்குள்ளும் ஏறியது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவரின் அந்தரங்கப் படத்தையோ, அவரைப் போல் ஆள்மாறாட்டம் செய்யும் உள்ளடக்கத்தையோ, அவர் புகார் தந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றன. அந்த ஆள்மாறாட்டத்துக்குள் 'செயற்கையாக மார்ஃப் செய்யப்பட்ட படங்கள்' என்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்தன.

ஆனாலும் மார்ஃபிங்குக்கு ஒரு மூலப்படம் வேண்டும், முடிவாக ஒரு படமும் வேண்டும். எங்கள் தெருப் பெண்ணின் தாளில் அந்தச் சொல் பொருந்தாமல் போனது இதனால்தான்.

ஒரு முகமூடி பொதுப்பெயரான கதை

அடுத்த சொல் உலகம் முழுக்கப் புழங்குகிற 'டீப்ஃபேக்'. இதற்குப் பிறந்த தேதி ஏறக்குறையத் தெரியும். 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரெடிட் தளத்தில் ஒருவன் 'டீப்ஃபேக்ஸ்' என்ற புனைபெயரில் இயங்கினான். நடிகைகளின் முகங்களை ஆபாசப் படங்களில் பொருத்தி வெளியிட்டான். அந்த டிசம்பரில் மதர்போர்டு இதழின் சமந்தா கோல் அதைப் பற்றி எழுதினார். சில வாரங்களில் அவன் பெயரிலேயே ஒரு கூட்டம் திரண்டது. 2018 பிப்ரவரியில் ரெடிட் அந்தக் கூட்டத்தைத் தடை செய்தது. கூட்டம் கலைந்தது, பெயர் தங்கிவிட்டது. கடைசியிலிருந்த 'ஸ்' உதிர்ந்து, ஒருவனின் முகமூடிப் பெயர் ஒரு தொழில்நுட்பத்தின் பொதுப்பெயர் ஆயிற்று.

இதில் என் மனத்தை அறுப்பது ஒன்று உண்டு. குற்றம் செய்தவன் தன் உண்மைப் பெயரை மறைத்துக்கொண்டான். அவன் தனக்குச் சூட்டிய பெயரை உலகம் அகராதியில் ஏற்றியது. பாதிக்கப்பட்ட பெண்களின் உண்மைப் பெயர்களோ தேடுபொறியில் அந்தக் காணொளிகளோடு சேர்த்துக் கட்டப்பட்டன. 2019இல் டீப்டிரேஸ் என்ற நிறுவனம் இணையத்தில் 14,678 டீப்ஃபேக் காணொளிகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 96 விழுக்காடு இசைவில்லாத ஆபாசம். அரசியல்வாதிகளின் போலிப் பேச்சுகளைப் பற்றித்தான் அன்று உலகம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெயரின் இரண்டு பாதிகளையும் பிரித்துப் பார்ப்போம். 'டீப்' என்பது 'டீப் லேர்னிங்' என்ற கணினித்துறைச் சொல்லிலிருந்து வந்தது. நாம் ஆழ்கற்றல் என்கிறோம். அடுக்கடுக்காகக் கணிப்பு அடுக்குகளை வைத்த வலைப்பின்னல் என்பதால் 'ஆழம்'. எண்ணிக்கையைக் குறிக்கிற ஆழம்தான் அது, பொருளின் ஆழம் அன்று. 'ஃபேக்' அதைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் திருடர்களின் குழூஉக்குறியாக அது புழங்கியது. ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற கைதி 1812இல் தொகுத்த திருட்டுப்பேச்சுச் சொற்பட்டியலில் அந்தச் சொல் இருக்கிறது. கொள்ளையடிப்பதும் அதன் பொருள்களில் ஒன்று. 'போலி' என்ற பொருள் மேலோங்கியது பிறகு. ஃபேக் என்றால் முதலில் பறிப்பது, அப்புறம்தான் பாசாங்கு. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் சிலர் 'ஆழ்போலி' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது கூசுகிறது. நம் மொழியில் ஆழ்தல் மரியாதையான வினை. இறைவனிடத்தில் ஆழ்ந்தவர் ஆழ்வார். ஆழ்ந்த சிந்தனை, ஆழ்ந்த இரங்கல் என்கிறோம். அடுக்குகளின் எண்ணிக்கைக்காக ஓர் இழிசெயலுக்கு அந்தப் பெருமையைத் தர வேண்டுமா?

போலியும் ஏய்ப்பும்

'போலி' என்ற பாதிக்கு நம் இலக்கணத்தில் தனியிடம் உண்டு. பள்ளியில் படித்திருப்போம்: ஒரு சொல்லில் ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்று, பொருள் மாறாமல் இருந்தால் அது போலி. மயல் மையல் ஆவது முதற்போலி. அமச்சு அமைச்சு ஆவது இடைப்போலி. அகம் அகன் ஆவது கடைப்போலி. ஐந்து அஞ்சு ஆவது முற்றுப்போலி. இந்தப் போலிகளில் எவருக்கும் நட்டமில்லை. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்கிறது, இரண்டும் ஒரே பொருளைத்தான் சுமக்கின்றன.

டீப்ஃபேக் இதற்கு நேர்மாறு. முகம் மாறாது, பொருள் மாறிவிடும். மச்சம் அதே மச்சம், மூக்குத்தி அதே மூக்குத்தி. அவற்றைச் சுமந்து நிற்கிற வாழ்க்கைதான் வேறாகிவிடுகிறது. இலக்கணம் சொல்லும் போலிக்குள் இந்தப் போலி அடங்காது.

'போலி' பிறந்தது 'போல்' என்ற உவமைச் சொல்லிலிருந்து. போல இருப்பது போலி. அதில் ஏமாற்று இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கவரிங் நகை தங்கம் போல இருக்கும். கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், கல்யாண வீட்டில் பார்க்கிறவர்களுக்கும் பாதி தெரியும். ஒருவரும் ஏமாறவில்லை. ஆக, ஒன்று போல இருப்பது மட்டும் குற்றமாகிவிடாது.

உவம உருபுகளை நன்னூல் பட்டியலிடுகிறது. பன்னிரண்டு தருகிறார் பவணந்தி முனிவர். அவற்றில் நான்கை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள்: போல, ஏய்ப்ப, ஒப்ப, இயைய. நான்குக்கும் அந்த இடத்தில் ஒரே வேலை. இது அது மாதிரி என்று சொல்வது. ஆனால் இந்த நான்கின் உறவுச்சொற்கள் இன்றைய பேச்சில் எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன! 'போல' போலியில் முடிந்தது. 'ஏய்ப்ப' என்பதன் வினையான ஏய்த்தலுக்கு ஒத்தல் என்றும் வஞ்சித்தல் என்றும் இரண்டு பொருள் அகராதியில் உண்டு. வரி ஏய்ப்பு என்று நாம் சொல்லும்போது இரண்டாவதுதான் எஞ்சியிருக்கிறது. மற்ற இரண்டும் எதிர்த்திசையில் நடந்தன. 'இயைய' பொருத்தத்துக்கும் இணக்கத்துக்கும் போனது. 'ஒப்ப' ஒப்புதலுக்குப் போனது.

ஒரே நிலத்தில் முளைத்த நான்கு விதைகள். இரண்டு வஞ்சனையாகக் காய்த்தன, இரண்டு சம்மதமாகக் கனிந்தன. சாயல் எந்தப் பக்கம் சாயும் என்பதை எது முடிவு செய்கிறது? என் தேடலுக்கு இங்கேதான் வெளிச்சம் கிடைத்தது. அதற்குப் போகுமுன், அந்த மெய்நிகர் அறைக்கு ஒருமுறை திரும்ப வேண்டும்.

அவதாரமும் தேரையும்

அந்த அறையில் நின்ற உருவை 'அவதார்' என்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து போய்த் திரும்பி வந்த சொல் அது. வடமொழியில் அவதாரம் என்றால் கீழிறங்குதல். 1985இல் ரிச்சர்ட் கேரியட் தம் 'அல்டிமா' விளையாட்டின் நான்காம் பாகத்துக்கு அதைத் தலைப்பில் வைத்தார். 1986இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துக்காக சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டல் ஃபார்மரும் 'ஹேபிடாட்' என்ற கூட்டு உலகைக் கட்டியபோது, திரையில் ஒருவருக்குப் பதிலாக நடமாடும் உருவுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1992இல் நீல் ஸ்டீவன்சனின் 'ஸ்னோ கிராஷ்' நாவல் அதை ஊரறியச் செய்தது. 'மெட்டாவர்ஸ்' என்ற சொல்லும் அந்த நாவலில் பிறந்ததுதான்.

இறங்கி வருவதை இறங்குகிறவர் தாமே முடிவு செய்கிறார் என்பதுதான் அவதாரத்தின் உயிர். வாமனனாக வருவதா, வராகமாக வருவதா என்பது அவர் விருப்பம். இன்னொருவர் பிடித்து இறக்கினால் அது அவதாரம் ஆகாது. எங்கள் தெருப் பெண் அந்த உலகுக்குள் இறங்கவே இல்லை. அங்கே நின்றது அவளுடைய அவதாரம் அன்று. பிறர் விரல் நுனியில் ஆடிய பாவை. பொம்மலாட்டத்தில் நாம் காண்கிற அதே பாவை, கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் வேறுபாடு.

இந்த வகைக் குற்றம் டீப்ஃபேக் என்ற சொல் பிறப்பதற்கு 24 ஆண்டுகள் முன்பே நடந்திருக்கிறது. 'லாம்டாமூ' என்றொரு மெய்நிகர் மாளிகை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பேவல் கர்ட்டிஸ் கட்டியது. அங்கே படமே கிடையாது, எல்லாம் எழுத்து. இன்னார் உள்ளே வந்தார், இன்னார் சிரித்தார் என்று திரையில் வரிகள் ஓடும். 1993இல் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் நுழைந்த ஒருவன் ஒரு சிறு நிரலை ஏவினான். அதற்குப் பெயர் 'வூடூ பொம்மை'. நம் ஊர்ப் பேச்சில் சூனியப் பொம்மை. அதை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் பாத்திரங்கள் தாமே கொடிய பாலியல் செயல்களைச் செய்வதாகத் திரையில் வரிகளை ஓடவிட்டான். அந்தப் பாத்திரங்களுக்கு உரியவர்கள் தங்கள் பெயர்கள் ஆடுவதைத் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மறுநாள் அதைப் பற்றித் தட்டச்சு செய்தபோது கண்ணீர் வழிந்தது என்று ஜூலியன் டிபெல் அதே ஆண்டு டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதினார்.

அந்த உலகில் அன்று சட்டம் இல்லை. 'மந்திரவாதிகள்' என்று அழைக்கப்பட்ட நிர்வாகிகளின் கையில் ஒரே ஒரு தண்டனை இருந்தது. அதற்கு 'டோட்' என்று பெயர், அதாவது தேரையாக்குதல். ஆளைத் தேரையாக மாற்றிவிடும் பழைய விளையாட்டுக் கட்டளையின் பெயர் அது. லாம்டாமூவில் அது கணக்கையே அழிப்பதைக் குறித்தது. குடிகள் கூடி ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாதிட்டும் முடிவு எட்டவில்லை. ஒரு நிர்வாகி தாமாகவே அவனைத் தேரையாக்கினார். அதற்குப் பிறகு கர்ட்டிஸ், குடிகளே மனுப்போட்டு வாக்களித்து விதிகள் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்.

முப்பது ஆண்டுக்கு முந்தைய இந்தக் கதையில் முகம் இல்லை, குரல் இல்லை, சாயல் இல்லை. வெறும் பெயரும் அதன் மேல் ஏறிய இன்னொருவன் கையும்தான். காயம் அப்போதும் முழுமையாகவே இருந்தது. எவ்வளவு தத்ரூபம் என்பதை வைத்து இந்தக் காயத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டங்கள் வைத்த பெயர்கள்

இனி, நாடுகள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கின்றன என்று பார்ப்போம். 2019இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், இசைவில்லாமல் அந்தரங்கப் படம் பரப்புவதைத் தடுக்கும் தன் சட்டத்தில் 'பொய்யாக உருவாக்கப்பட்ட' படம் என்பதைச் சேர்த்தது. தென் கொரியா 2020இல் தன் பாலியல் வன்முறைச் சட்டத்தில் 'பொய்க் காணொளிப் பொருள்' என்ற பொருளில் ஒரு பிரிவு சேர்த்தது. டெலிகிராம் குழுக்களில் மாணவிகளின் முகங்கள் சூறையாடப்பட்டது வெளிவந்த 2024இல், அவற்றை வைத்திருப்பதும் பார்ப்பதும்கூடக் குற்றம் என்று நீட்டியது. பிரிட்டன், அந்தரங்க நிலையைக் 'காட்டுகிற அல்லது காட்டுவதாகத் தோன்றுகிற' ஒளிப்படம், படச்சுருள் என்று எழுதியது. அந்தப் பிரிவு 2024 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கிறது. கணினியில் செய்ததும் அதில் அடங்கும், ஆனால் ஒளிப்படம் போலத் தோன்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 'டீப் ஃபேக்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு, உள்ளவற்றை ஒத்திருந்து மெய்யெனத் தவறாகத் தோன்றுவது என்று வரையறுத்தது.

அமெரிக்க ஒன்றிய அரசு 2025 மே 19 அன்று கையெழுத்தான 'டேக் இட் டவுன்' சட்டத்தில் 'டிஜிட்டல் ஃபோர்ஜரி' என்ற பெயரைத் தேர்ந்தது. நல்ல தேர்வுதான். 'ஃபோர்ஜ்' என்றால் கொல்லன் உலை. உலையில் அடித்து உருவாக்குவது என்ற பொருளிலிருந்து கள்ளக் கையெழுத்துக்கும் பொய்யாவணத்துக்கும் நகர்ந்த சொல். புகார் வந்த 48 மணி நேரத்தில் தளங்கள் அதை நீக்க வேண்டும். ஆனால் எது ஃபோர்ஜரி? நியாயமான ஒருவர் பார்த்தால் மெய்யான படத்திலிருந்து பிரித்தறிய முடியாததாக இருக்க வேண்டும் என்கிறது வரையறை. இந்தியாவில் 2026 பிப்ரவரியில் வந்த விதித்திருத்தம் 'செயற்கையாக உருவாக்கப்பட்ட தகவல்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. அதன் வரையறையிலும் பிரித்தறிய முடியாமை ஓர் அளவுகோல்.

எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பொய், தோற்றம், ஒத்திருத்தல், பிரித்தறிய முடியாமை. சட்டம் தன் கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, இது எவ்வளவு நிஜம் போல இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறது. ஒளிப்படத்துக்கும் காணொளிக்கும் அந்தக் கேள்வி ஓரளவு போதும். கார்ட்டூன் சாயலில் நடமாடும் மெய்நிகர் உருவிடம் அது தோற்றுவிடும். 'அது நான்தான்' என்று ஒரு பெண் அழுகிறாள். 'பிரித்தறிய முடிகிறதே' என்று சட்டம் பதில் சொல்கிறது.

'நீக்கு' என்பதிலும் சிக்கல் உண்டு. ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை 2021 டிசம்பரில் தொடங்கியது. படத்தை அனுப்பவே வேண்டாம், நம் கருவியிலேயே அதற்குக் கைரேகை போன்ற ஓர் எண்ணை உருவாக்கி அதை மட்டும் தளங்களுக்குத் தரலாம். பெரிய வரம் அது. ஆனால் கைரேகை எடுக்க நிலையான ஒரு படம் வேண்டும். மெய்நிகர் உரு நொடிக்கு நொடி, பார்க்கிறவர் நிற்கும் கோணத்துக்கேற்பப் புதிதாக வரையப்படுகிறது. அங்கே நீக்க வேண்டிய 'அது' ஒரு கோப்பாக மட்டும் இருப்பதில்லை. பெயரும் முகமும் அசைவும் ஒருவன் கையில் சேர்ந்து நடக்கிற செயலாகவும் இருக்கிறது.

பழைய பிரிவுகளும் முழுதாக உதவவில்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படம்பிடிப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. பொம்மையின் உடல் அவளுடைய உடல் இல்லையே. 67, 67ஏ பிரிவுகள் ஆபாசத்தைத் தண்டிக்கின்றன. அங்கே கேள்வி ஊரின் ஒழுக்கம் பற்றியது, அவள் ஒப்பினாளா என்பது பற்றியதன்று. 66டி கணினிவழி ஆள்மாறாட்ட மோசடிக்கானது. அதற்கு யாராவது ஏமாந்திருக்க வேண்டும். அந்த அறையில் எவரும் ஏமாறவில்லை.

வேறு கேள்வியைக் கேட்ட விதி ஒன்றும் உண்டு. சீனா 2023 ஜனவரி 10 முதல் நடைமுறைப்படுத்திய விதிகளுக்கு 'ஆழ்தொகுப்பு' என்ற பொருளில் பெயர். முப்பரிமாண மீட்டுருவாக்கம், மெய்நிகர்க் காட்சி, எண்ணிம மனித உரு எல்லாவற்றையும் அதன் வரையறை பெயர் சொல்லிச் சேர்க்கிறது. முகத்தையும் குரலையும் திருத்தும் வசதி தருகிறவர்கள், திருத்தப்படுகிறவரிடம் அறிவித்துத் தனிச் சம்மதம் பெறுமாறு பயனருக்கு நினைவூட்ட வேண்டும் என்கிறது. அந்நாட்டு அரசு இணையப் பேச்சின் மேல் வைத்திருக்கும் பிடியை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு விதியில், கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு 'அவரைக் கேட்டாயா?' என்று வினவுகிற பழக்கம் இருக்கிறது.

ஒப்பு என்னும் வேர்

இப்போது 'ஒப்ப' என்ற உருபுக்குத் திரும்பலாம். 'ஒ' என்ற ஓரெழுத்து வினையடியின் பொருள் போன்றிருத்தல், பொருந்துதல். ஒத்தான், ஒக்கும், ஒப்பான் என்று வரும். அதன் பிள்ளைகளை எண்ணினால் ஒரு கிராமமே கூடும். ஒப்புமை, ஒப்பீடு, ஒப்பனை ஆகியவை சாயலின் பக்கம். ஒப்புக்கொள்ளுதல், ஒப்படைத்தல், ஒத்துழைத்தல், ஒப்புதல் ஆகியவை மனத்தின் பக்கம். உடலுக்குப் பொருந்தாத உணவை ஒவ்வாமை என்று விலக்குகிறோம். ஒப்பாத மனம் விலக்குவதும் அதே வேரிலிருந்துதான்.

இரண்டு பக்கமும் ஒரே புள்ளியில் சந்திக்கும் சொல் ஒன்று உண்டு. கையொப்பம். என் கையெழுத்தின் வளைவும் இழுப்பும் என் சாயல். அதை ஒரு தாளின் அடியில் நானே இடும்போது அது என் சம்மதம். சாயலைச் சம்மதமாகத் தருவதற்குத் தமிழ் வைத்த பெயர் ஒப்பம். கள்ளக் கையெழுத்து ஏன் குற்றம்? எழுத்து ஒத்திருப்பதாலா? பத்திர எழுத்தரின் மகன் அப்பாவைப் போலவே எழுதலாம், அதில் குற்றமில்லை. அப்பா தராத சம்மதத்தைத் தந்ததாக அந்த எழுத்தைப் பேசவைத்தால்தான் குற்றம். முகத்துக்கும் இதே நியாயம்தான். ஒப்பு இருந்து ஒப்புதல் இல்லாத இடத்தில் போலி ஏய்ப்பாக மாறுகிறது.

கூத்தில் வேடம் கட்டுகிறவருக்கும் ஒப்பனை உண்டு, மிமிக்ரி கலைஞருக்கும் குரல் ஒப்பு உண்டு, கேலிச்சித்திரக்காரர் அமைச்சரின் மூக்கை நீட்டுகிறார். அவர்களையும் சட்டம் வாரிக்கொண்டு போய்விடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான அச்சம். பொது வாழ்வில் இருப்பவரின் பொதுச் செயலைக் கேலி செய்ய ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. அது அப்படியே இருக்கட்டும். உடலையும் அந்தரங்கத்தையும் தொடும் இடத்தில் மட்டும் கோட்டைப் போடலாம். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தெரிந்தவர்கள் இது இன்னார் என்று அறிகிறார்களா? அந்தரங்கச் செயலில் அவர் உரு இறக்கப்பட்டதா? அவர் ஒப்பினாரா? நிஜம் போல இருந்ததா என்ற கேள்வி இந்த மூன்றுக்குள் வரவே தேவையில்லை.

இது நான் புதிதாகக் கண்டதும் அன்று. 1994இல் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நக்கீரன் இதழ், ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிய வழக்கு. பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்த அதே தீர்ப்பில் நீதிபதி ஜீவன் ரெட்டி இன்னொன்றையும் பதிந்தார்: ஒருவரின் பெயரையோ சாயலையோ அவர் சம்மதமின்றிப் பயன்படுத்துவது அவரது தனிமை உரிமையை மீறுவதாகும், விளம்பரத்துக்காக இருந்தாலும் வேறெதற்காக இருந்தாலும். பெயர், சாயல், சம்மதம் மூன்றும் ஒரே மூச்சில். தனிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் உறுதி செய்தார்கள். ஒரு தமிழ் வார இதழின் வழக்கிலிருந்து கிடைத்த அந்தச் சொற்சேர்க்கையை, முப்பது ஆண்டு கழித்து வந்த தொழில்நுட்ப வரையறைகள் மறந்துவிட்டுச் சாயலை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் தேசியப் புகார்த் தளத்தையும் குறித்துக் கொடுத்தேன். புதுத்தாளில் 'பொருள்' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'என் பெயரிலும் என் ஒப்பிலும், என் ஒப்புதல் இல்லாமல் ஒரு பாவை செய்து ஆட்டியது தொடர்பாக.'

வாய்விட்டுப் படித்தாள். இரண்டாம் முறை மெதுவாகப் படித்தாள்.

"ஸ்டேஷன்ல புரியுமாக்கா?"

"புரியலைன்னா கேப்பாங்க. கேட்டா நீ என்ன சொல்வே?"

"நான் ஒத்துக்கல. அதைத்தான் சொல்வேன்."

பேனாவை வாங்கி, தாளின் அடியில், வலப்பக்கத்தில், நிதானமாகத் தன் ஒப்பத்தை இட்டாள்.